ஒரே பிரதி

“டி-யையும் சேர்த்தா?”

“எல்லாத்தையும்தான். ஒரு தூசு விடல. கம்ப்யூட்டர் கடை முதன்னா கை வெச்சா அப்படித்தான். தொறந்து பாரு, நேத்துதான் கடையில வாங்கின மாதிரி இருக்கும்.”

“நான் கேக்கறது அது இல்ல கஸ்வான். சி டிரைவை மட்டும் அழிச்சானா, டி டிரைவையும் அழிச்சானா?” என்றாள் அண்ணி விஜ்தான்.

“சி, டி, எனக்கென்ன தெரியும்? நான் டைல்ஸ் விக்கறவன். ஓ.எஸ். போடச் சொன்னேன், போட்டுட்டான். காசு கூட வாங்கல.”

என் அண்ணன் கஸ்வான் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் தர்பூசணியை வைப்பதுபோல வைத்து, மேலே ஒரு தட்டும் தட்டினான். அக்குளில் இடுக்கியிருந்த சூடான ரொட்டிப் பொட்டலத்தைப் பக்கத்தில் போட்டான். அண்ணி விஜ்தான் திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து காம்புகளைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைக்கூடக் கழுவவில்லை. ஈர விரலாலேயே மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. அதன்மேல் நிறைய விளையாட்டுகளின் சின்னங்கள். விஜ்தான் டி-யைத் திறந்தாள். பச்சை, மஞ்சள் என்று அழகாகப் பெயரிட்ட ஃபோல்டர்கள்: துருக்கி நாடகம், கார்ட்டூன், பாட்டு, குர்ஆன் ஓதல், சிரிப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்ப மேலே போய் மறுபடியும் பார்த்தாள்.

“ரஃபல் போயிட்டா,” என்றாள்.

“யாரு போயிட்டா?” என்றான் கஸ்வான், ரொட்டியைப் பிய்த்தபடி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த இலை இரண்டாகக் கிழிந்தது.

விஜ்தான் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை மட்டும் படம் பிடிப்பவள். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி கூடையோடு உட்கார்ந்து வருகிறவர்களின் போன்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வாள். உள்ளே கறுப்பு அபாயா அங்கிகள் கழன்று ஆணியில் தொங்கும். அதன்பிறகு அங்கே நடக்கிற ஆட்டமும் விரித்த கூந்தலும் மாமியாரின் குலவையும் ஒரே ஒரு கேமராவில்தான் பதியும். அந்தக் கேமராவுக்குப் பின்னால் நிற்பது விஜ்தான். இந்த ஊரில் ஒரு தாய் தன் மகளைத் தலைமுடியோடு ஒரு கேமராவின் முன் நிறுத்துகிறாள் என்றால், அது எடுப்பவளின் திறமைக்காக அல்ல. அவள் கொடுக்கிற வார்த்தைக்காக.

விஜ்தானின் வார்த்தை சின்னது. ஒரே பிரதி. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மணப்பெண்ணின் தாயை உட்காரவைத்து, அவள் கண்முன்னாலேயே கேமராவின் மெமரி அட்டையை அழித்துவிடுவாள். படம் விஜ்தானின் லேப்டாப்பில் மட்டும் இருக்கும். வெட்டி ஒட்டி முடித்ததும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு லேப்டாப்பில் இருப்பதையும் அழித்துவிடுவாள். நடுவில் எந்த ஆணின் கையிலும் அது போகாது. அவள் வேலை செய்யும் அறையில் திரை சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். என் அண்ணனே கதவுக்கு வெளியே நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே வருவான். ஒரு சட்டகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. அது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. தேநீர்க் கடையில் அதைச் சொல்லிக்கொள்வான்.

ரஃபலின் கல்யாணம் பெரிய கல்யாணம். ஊர்வலத்தில் குதிரை வந்தது. கல்யாணம் முடிந்த கையோடு கணவனோடு சுவீடன் போய்விட்டாள். அவள் தாய் உம் அவ்ஸ் அன்றிலிருந்து விஜ்தானுக்குப் போன் செய்துகொண்டே இருந்தாள். “வெட்டவும் வேணாம், ஒட்டவும் வேணாம், அப்படியே குடுத்துடு மகளே. வீடு காலியாக் கெடக்கு. அவ சிரிக்கறதைப் போட்டு வெச்சுட்டு சமைப்பேன்.”

“இன்னும் கொஞ்சம் காலா. நல்லாப் பண்ணிக் குடுக்கறேன்,” என்பாள் விஜ்தான். வயதில் மூத்த பெண்களை நாங்கள் ‘காலா’, அதாவது சின்னம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

வேலை பாதியில் இருந்தபோதுதான் லேப்டாப் படுத்தது. ஊர் மின்சாரம் போய் தெரு ஜெனரேட்டரின் லைன் வருவதற்கு நடுவே ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, அந்த இடைவெளியில் செத்துப்போனது. பேட்டரி எப்போதோ செத்திருந்தது. மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ரெண்டு வரி, அதற்குமேல் நகரவில்லை. நான் பதறினேன். விஜ்தான் பதறவில்லை. “சி-யிலதான் அடி. படம் எல்லாம் டி-யில இருக்கு. ஓ.எஸ்.ஸை மட்டும் புதுசாப் போட்டா எழுந்துடும்,” என்றாள், பல் வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்வதுபோல.

என் பழைய கணினியில் ஓ.எஸ்.ஸின் இமேஜ் ஃபைலை இறக்க ஆரம்பித்தாள். அது பள்ளிப் பிள்ளைகளின் அமைச்சகத் தேர்வு நடக்கும் மாதம். கேள்வித்தாள் வெளியே போகாமலிருக்க நாடு முழுவதும் காலையில் இணையத்தை நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை முடிகிற நேரத்தில் இணையம் நின்று, ஃபைல் முதலிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாவது தடவை முழுதாக இறங்கியது. விஜ்தான் அதை உடனே போடவில்லை. ஃபைலை வெளியிட்டவர்கள் தளத்தில் எழுதியிருந்த, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரிசையை, இறங்கின ஃபைலிலிருந்து தான் எடுத்த வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒத்துப்போகவில்லை, இறங்கும்போது எங்கோ கெட்டிருக்கிறது. ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

கஸ்வானுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. “முழுசா எறங்கினதைத் தூக்கிப் போடறியா? ரொட்டி ஒரு பக்கம் கருகினா மறுபக்கத்தைத் தின்னமாட்டோமா? நீ மோசூல்ல பொறந்தவளே இல்ல. பக்தாத்காரி.”

“மோசூல்காரன் கருகின பக்கத்தை விருந்தாளிக்கு வெப்பான். அது எனக்குத் தெரியாதா?”

மோசூல்காரர்களின் கஞ்சத்தனம் நாடறிந்த வேடிக்கை; நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள், “கஸ்வான், ஒண்ணு. கடைக்கு மட்டும் வேணாம். எவ்வளவு நாளானாலும் நானே போட்டுக்கறேன். அதுல இருக்கறது என்னுது இல்ல.”

“சரிடீ, சரி.”

“சரின்னு சொன்னா போதாது. கொண்டுபோகமாட்டேன்னு சொல்லு.”

“கொண்டுபோகமாட்டேன். போதுமா? அடுத்து பத்திரத்துல கையெழுத்து கேப்பா.”

நான் அங்கேதான் இருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை இறக்கம் பாதியில் இருக்கும்போது அவள் தன் அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அந்த இடைவெளியில் கஸ்வான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் தெருவுக்குப் போயிருக்கிறான். அன்பினால்தான் போனான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். இறக்கத்தைக் காட்டும் பச்சைக் கோடு நகராததை அவள் பார்த்துக்கொண்டிருப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. தேநீர்க் கடையில் முதன்னா ஏதோ சொல்லியும் இருந்தானாம்: “உன் பொண்டாட்டி ஓ.எஸ். போடறாளாமே? அப்ப நான் கடையை மூடிட்டு ஊறுகா போடவா?”

இலைச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு விஜ்தான் சொன்னாள், “போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.”

“எதுக்கு இப்ப? சாப்பிட்டுட்டு...”

“போடு.”

முதன்னா உற்சாகமாக எடுத்தான். “சொல்லு என் கண்ணே! எப்படி ஓடுது? குதிரை மாதிரி இருக்கா?”

“வீட்டுல ஏதோ கேக்கணுமாம்,” என்றான் கஸ்வான்.

மறுமுனையில் குரல் சட்டென்று அடக்கமானது. “சலாம் சகோதரி.”

“சலாம். டி-யில இருந்ததை என்ன பண்ணினீங்க?”

“கவலையே படாதீங்க சகோதரி. அல்லா சாட்சி, நான் எதையும் பாக்கல. தொறந்தேன், ஃபோல்டர் பேரெல்லாம் பொண்ணுங்க பேரா வந்துச்சு. அப்பவே மூடிட்டேன்.”

“மூடிட்டு?”

“மூடிட்டு மொத்தத்தையும் அழிச்சுட்டேன்.”

விஜ்தான் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். “மூடினது சரி. எதுக்கு அழிச்சீங்க?”

“பின்ன? கடையில பத்து பேரு வரான், பத்து பேரு போறான். நான் தொழுகைக்குப் போன நேரம் எவனாவது ஒருத்தன் பென் டிரைவைச் சொருகினான்னா? உங்க மானம் என் மானம் இல்லையா? கஸ்வானும் அதைத்தான் சொன்னான். ‘என் வீட்டு விஷயம் உள்ள இருக்கு முதன்னா, எதுவும் உன் கடையில தங்கக் கூடாது’ன்னான். ஒண்ணும் தங்கல. காப்பி எடுக்கணும்னா கூட தொறக்கணுமே. அடுத்த வீட்டுப் பொண்ணுங்களை நான் எப்படித் தொறப்பேன்?”

கஸ்வான் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான். எப்படிப்பட்ட ஆளைப் பிடித்திருக்கிறேன் பார் என்பதுபோல.

“பார்ட்டிஷன் எல்லாத்தையும் தூக்கிட்டு, திரும்ப ரெண்டாப் பிரிச்சீங்களா?”

“ஆமா...” சிறிது தயங்கினான். “உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா சகோதரி?”

“அதுக்கப்புறம் எதுவும் ஏத்தாம குடுத்திருந்தா, பழசு அடியில அப்படியே இருந்திருக்கும். எடுத்திருக்கலாம். இந்த நாடகம், கார்ட்டூன் எல்லாம் எதுக்கு?”

“என்ன கேள்வி இது?” முதன்னாவின் குரலில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “கஸ்வான் என் கூடப்பொறக்காத சகோதரன். அவன் வீட்டுத் தட்டை வெறுந்தட்டாவா திருப்பி அனுப்புவேன்? முழுக்க நெரப்பிக் குடுத்திருக்கேன். நாடகம் மட்டுமே மூணு, கடைசிப் பகுதி வரைக்கும் இருக்கு. இனிமே இடமே கெடையாது சகோதரி, அவ்வளவு ஏத்தியிருக்கேன்.”

விஜ்தான் நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? அவன் “ஆரோக்கியமா வெச்சு ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அன்று திராட்சை இலைச் சுருட்டலை நான்தான் முடித்து அடுப்பில் ஏற்றினேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கஸ்வான் மட்டும் தட்டைப் பார்த்தபடியே சொன்னான், “எனக்கு எப்படித் தெரியும்? நல்லதுதானே நெனச்சேன்.” இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அழிந்ததை மீட்கிற நிரலை என் கணினியில் இறக்கி, லேப்டாப்போடு இணைத்து ஓட்டினாள் விஜ்தான். திரை வழக்கம்போல் சுவரைப் பார்த்து இருந்தது. நானும் அவளும் தரையில் உட்கார்ந்தோம். மின்விசிறிக் காற்று சூடாக வந்தது. பகல் முழுக்க ஓடி, சாயங்காலம் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. பெயர்கள் எல்லாம் இருந்தன! ரஃபல், மணப்பெண் வருகை. ரஃபல், மருதாணி. ரஃபல், அம்மாவுடன் ஆட்டம். நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன். அவள் முதல் பெயரைச் சொடுக்கினாள்.

துருக்கி நாடகத்தின் கதாநாயகி அரபு மொழியில் அழுதாள்.

அடுத்ததில் ஒரு பூனை எலியைத் துரத்தியது. அதற்கடுத்தது திறக்கவே இல்லை. பெயர்கள் மட்டும் பழைய கதவில் ஒட்டியிருந்தன, உள்ளே வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். ஒரே ஒரு ஃபைலில் பச்சைக் கட்டங்களுக்கு நடுவே ஒரு கை வந்து போனது. மருதாணி வைத்த கை. விஜ்தான் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அது ரஃபலின் கையா, வேறு யாருடைய கையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

“கேமரா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்,” என்றான் கஸ்வான், கதவுக்கு வெளியிலிருந்தே. பழக்கம் விடவில்லை. முதலில் இருமினான்.

“அட்டையை அழிச்சப்ப அவங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. ‘நல்லாப் பாத்துட்டேன் மகளே, ஒண்ணும் இல்ல’ன்னு கையைத் தட்டி எழுந்தாங்க.”

“அப்ப திருடன் வந்தான்னு சொல்லு.”

“திருடன் வந்தான்னா, படம் இப்ப திருடன் கையில இருக்குன்னு அர்த்தம். யோசிச்சுப் பேசு கஸ்வான்.”

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவளே முடிவு செய்தாள். மறுநாள் உம் அவ்ஸ் தானாகவே வந்தாள். பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பணியாரம் ஒரு தட்டு நிறைய கொண்டுவந்தாள். கூட அவள் தங்கையும் வந்திருந்தாள். தேநீர்க் குவளையில் சர்க்கரை கரைவதற்குள் விஜ்தான் சொல்லிவிட்டாள்.

“காலா, படம் போயிடுச்சு.”

“எங்க போயிடுச்சு?”

“அழிஞ்சிடுச்சு. லேப்டாப் கெட்டுப்போயி, புதுசா ஓ.எஸ். போடறப்ப எல்லாம் அழிஞ்சிடுச்சு. நான் தேடிப் பாத்தேன். கெடைக்கல.”

உம் அவ்ஸ் முதலில் அழுதாள். சத்தமில்லாமல், கன்னத்தை முக்காட்டு நுனியால் ஒற்றி ஒற்றி அழுதாள். “அவ என்னோட ஆடினாளே, அதுவுமா?” என்று கேட்டாள். விஜ்தான் தலையை அசைத்தாள். அந்த அழுகை அப்படியே ஓய்ந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது. பக்கத்திலிருந்த தங்கைக்காரி கேட்டாள், “ஓ.எஸ். போட்டது யாரு? நீயா?”

விஜ்தான் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும். “இல்ல,” என்றாள். “கடையில.”

உம் அவ்ஸின் முக்காட்டு நுனி கன்னத்திலேயே நின்றுவிட்டது.

“கடையிலன்னா? ஆம்பளை கடையிலயா?”

“அவர் பாக்கல காலா. பேரைப் பாத்ததும் மூடிட்டாராம். பாக்கக் கூடாதுன்னுதான் அழிச்சிருக்காரு.”

“பேரைப் பாத்தானா? என் மக பேரை எவனோ கடைக்காரன் படிச்சானா?”

“காலா...”

“அழிச்சேன்னுதான் எல்லாரும் சொல்லுவான். எடுத்துக்கிட்டுத்தான் அழிப்பான்!” என்றாள் தங்கை. “போன வருஷம் ஆத்துக்கு மேற்குக் கரையில ஒரு பொண்ணு விவாகரத்து ஆகி வந்தாளே, எதனாலன்னு நெனச்சே? போன் ரிப்பேருக்குக் குடுத்ததுலதான்.”

“அண்ணி குடுக்கல,” என்றேன் நான். “என் அண்ணன்தான் எடுத்துட்டுப் போனான். அண்ணி வேணாம்னு சொன்னதை நான் என் காதால கேட்டேன்.”

தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீ இந்த வீட்டுப் பொண்ணு. நீ வேற என்ன சொல்லுவ?”

பணியாரத் தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தட்டைக்கூடத் திரும்பக் கேட்கவில்லை. உம் அவ்ஸ் வாசலில் நின்று ஒரே ஒரு முறை திரும்பினாள். “ஒரே பிரதின்னு சொன்னியே மகளே. எனக்கு இப்ப அது கூட நிச்சயமாத் தெரியலயே,” என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அதன்பிறகு விஷயம் ஆண்களிடம் போனது. உம் அவ்ஸின் தம்பிகள் சொல்லியனுப்பினார்கள்: கடைக்காரன் தங்கள் வீட்டுக் கூடத்துக்கு வரவேண்டும், குர்ஆன் மீது கைவைத்து, பார்க்கவில்லை, எடுக்கவில்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் அதோடு முடிந்தது. சுவீடனில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் போகாது.

கஸ்வான் முதன்னாவை வீட்டுக்கே கூட்டிவந்தான். முன்னறையில் உட்கார்ந்தார்கள். நானும் விஜ்தானும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

“நான் வரமாட்டேன் கஸ்வான்,” என்றான் முதன்னா. “பயந்துட்டு சொல்லல. யோசிச்சுப் பாரு. நான் போயி, பாக்கலன்னு சத்தியம் பண்றேன். நாளைக்குத் தெரு முழுக்க என்ன பேசுவான்? பாக்கறதுக்கு அதுல என்னமோ இருந்திருக்குன்னு பேசுவான். அந்தப் பொண்ணு பேரு கெடும். என் கடைக்கு எவன் பொண்டாட்டி போனைக் குடுப்பான்? நான் நல்லது பண்ணப் போயி என்னைக் குற்றவாளி மாதிரி நிக்கச் சொல்றீங்களே.”

“ஒரு வார்த்தைதானே முதன்னா.”

“கண்ணை மூடினவன்கிட்ட அந்த ஒரு வார்த்தையையும் கேக்கறீங்க. தொறந்து பாத்து காப்பி எடுத்திருந்தா உங்க படம் பத்திரமா இருந்திருக்கும். எனக்கும் எந்தச் சிக்கலும் வந்திருக்காது. அதுதான் இப்ப எனக்குத் தோணுது.” அவன் தேநீரைத் தொடாமலே எழுந்துபோனான். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கதவுக்குப் பின்னால் விஜ்தான் மெதுவாகத் தலையாட்டினாள், அவன் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டான் என்பதுபோல.

கஸ்வான் மட்டும் உம் அவ்ஸின் தம்பிகளைப் பார்க்கப் போனான். திரும்பி வந்து, “பேசிட்டேன். ஆறிடுவாங்க,” என்றான். நாங்கள் நம்பினோம்.

அந்த வாரக் கடைசியில் விஜ்தான் படம் எடுக்கவிருந்த கல்யாணப் பெண்ணின் அக்கா ஜமீலா போன் செய்தாள். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். தங்கள் உறவிலேயே படம் எடுக்கிறவள் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்றாள். விஜ்தான் “மப்ரூக்” என்று வாழ்த்தினாள். வைக்கப் போகும்போது அந்தப் பெண் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள், “ஏன் அக்கா அப்படிப் பண்ணினீங்க? உங்க மேல எவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தோம். நீங்களே கடைக்குக் குடுத்தனுப்பலாமா?”

“நான் குடுத்தனுப்பல. யார் சொன்னா?”

“உங்க வீட்டுக்காரரே கூடத்துல சொன்னாராமே. ‘அவ குடுத்தா, நான் கொண்டுபோய்க் குடுத்தேன். பொம்பளைங்க விஷயம், எனக்கென்ன தெரியும்’னு.”

விஜ்தான் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுந்துபோய், லேப்டாப்பில் இருந்த நாடகத்தையும் கார்ட்டூனையும் அருவியையும் எல்லாவற்றையும் அழித்தாள். மூன்றாவது தடவை இறங்கி முடிந்திருந்த ஃபைலை எடுத்தாள். அந்த நீண்ட வரிசையை ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் சொருகி, ஓ.எஸ்.ஸைத் தானே போட்டாள். எந்த இடத்தில் போடவேண்டும் என்று அது கேட்டது. சி-யைக் காட்டினாள். டி-யில் காப்பாற்ற இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைத் தொடவில்லை.

“எதுக்கு அண்ணி இப்ப?” என்றேன்.

“சரியாப் போட்டா எப்படி இருந்திருக்கும்னு பாக்கறேன்.”

ஒரு சிக்கலும் இல்லாமல் போட்டு முடிந்தது. ஒரு தேநீர் கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மதியம் கஸ்வான் கடையிலிருந்து வந்தான். மின்சாரம் போய், ஜெனரேட்டர்காரன் இன்னும் லைன் கொடுக்காத நேரம். வீடு முழுக்க அமைதி. அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, “ஸுஹாத், தண்ணி குடு,” என்று என்னைக் கேட்டான். விஜ்தான்தான் கொண்டுவந்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள்.

“ஜமீலா போன் பண்ணினா. அவ தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வேணாமாம்.”

“விடு. வேற வரும்.”

“வராது. கூடத்துல நீ என்ன சொன்னன்னு அவ சொல்லிட்டா.”

கஸ்வான் குவளையைக் கீழே வைத்தான். “அங்க நாலு ஆம்பளை உக்காந்திருக்கான். என் பொண்டாட்டி வேணாம்னு சொல்லியும் மீறி எடுத்துட்டுப் போனேன்னா சொல்ல முடியும்? என்னை என்னன்னு நெனப்பான்? வீட்டுல பொம்பளை உத்தரவு போடுது, இவன் திருடிட்டுப் போறான்னு சிரிக்கமாட்டான்? ஏதோ வாயில வந்தது. நாலு நாள்ல மறந்துடுவாங்க விஜ்தான்.”

“நீ அவங்ககிட்ட அடிபடணும்னு நான் கேக்கல. முதன்னா சத்தியமும் எனக்கு வேணாம். ரஃபல் இனிமே திரும்பி வரமாட்டா, அதையும் நான் உன்மேல வெக்கல.” அவள் குரல் உயரவே இல்லை. “படம் போனது போகட்டும். என் வார்த்தையை நான் மீறல. அது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதையும் நீ அங்க போய் விட்டுட்டு வந்திருக்க.”

அவன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்பதுபோல. நான் அவன் தங்கைதான். ஆனால் காலிக் குவளையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

விஜ்தான் கட்டிலின் கால்மாட்டில் அவனைப் பார்த்து உட்கார்ந்தாள். இருவரின் முழங்காலும் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டன.

“இன்னிக்கு அஸர் தொழுகை நேரத்துக்கு உம் அவ்ஸோட தம்பிங்க எல்லாரும் கூடத்துல இருப்பாங்க. நீ போ. ‘அவ வேணாம்னு சொன்னா, நான்தான் எடுத்துட்டுப் போனேன்’னு சொல்லு. அவ்வளவுதான். வேற எதுவும் சொல்ல வேணாம். போறியா கஸ்வான்?”